கோழிகள் அடையாத கட்டை

“தூக்கம் வரமாட்டேங்குது, தாயி.”

வெள்ளைத்துரை இதைச் சொல்லிவிட்டு, வேறு யார் காதிலாவது விழுந்துவிட்டதா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

மங்கைத்தாய் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். முறத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“எவ்வளவு நாளா?”

“நாளா? எங்கப்பன் செத்துப் பாகம் பிரிச்சதுலேர்ந்து.”

“கண்ணை மூடினா என்ன வருது?”

“மூடினாத்தானே? நான் மூடினா அவன் எல்லைக்கல்லை நகட்டிப்புடுவான்.”

“எவன்?”

“கூடப்பிறந்தவன். கொம்பையான்னு பேரு. பேரைச் சொன்னாலே வாய் கசக்குது.”

ஒரு ஓட்டு வீடு, ஒரு கிணறு, ஒரு புளியமரம். கரட்டு அடிவாரத்தில் இருந்த அந்த மடம் அவ்வளவுதான். அதை நடத்தி வந்த மங்கைத்தாய்க்கு நாற்பதைத் தாண்டியிருக்காது. வெள்ளைத்துரைக்கு அவள் வயதில் மகள் இருந்தாள். அப்படி ஒருத்தியிடம் வந்து கையைக் கட்டி நிற்க வேண்டியதாகிவிட்டதே என்று அவருக்கு எரிச்சல்.

வேறு வழியும் இல்லை. கை நடுங்கியது. போன வாரம் கிணற்று மேட்டில் கண் இருட்டி விழப் போனார். டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். அதை அவர் வேலியோரம் வீசிவிட்டார். மருந்துக்கடைக்காரன் கொம்பையாவோடு டீ குடித்ததை ஒருநாள் பார்த்திருந்தார்.

“இப்படியே போனா நான் சீக்கிரம் போய்ச் சேர்ந்துருவேன். அவனுக்கு அதுதான் வேணும்.”

மங்கைத்தாய் முறத்தைக் கீழே வைத்தாள்.

“கோழி வளர்த்திருக்கீங்களா, அண்ணே?”

“வளர்த்தேன். இப்ப எல்லாம் அவன் வீட்டுப் புங்கமரத்துல போய் அடையுது. பொட்டுக்கடலை போட்டு மயக்கிப்புட்டான்.”

“போட்டதைப் பார்த்தீங்களா?”

“பார்க்கிற மாதிரியா செய்வான்?”

அவள் எழுந்து வீட்டுக்குப் பின்னால் நடந்தாள். அவரும் போனார்.

அங்கே மண்சுவர் வைத்து, கீற்று வேய்ந்து, புதிதாக ஒரு கோழிக்கூடு இருந்தது. ஆள் குனிந்து நுழையலாம். உள்ளே வெறும் தரை. மூலையில் முட்டையிடக் கூடைகள். வெளியே கோழிகள் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தன. எல்லாம் அம்மனுக்கு நேர்ந்துவிட்ட கோழிகள். இந்தப் பக்கத்தில் அப்படி விட்ட கோழியை யாரும் அறுக்க மாட்டார்கள். விட்டவர்கள் விட்டுவிட்டுப் போவார்கள். வளர்ப்பது மடம்.

“அதுங்க புளியமரத்துல அடையுது. அப்பப்ப மரநாய் வந்து ஒண்ணைக் கொண்டுபோயிருது. மழை வேற வருது. கூட்டுக்குள்ள அடையுறதுக்குக் கட்டை போடுங்க.”

“நானா?”

“அதுங்க அந்தக் கட்டையில தூங்குற அன்னைக்கு நீங்களும் தூங்குவீங்க.”

வெள்ளைத்துரை அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

“இது வைத்தியமா? இல்ல, ஓசியில வேலை வாங்குறதா?”

“ரெண்டும்தான்.”

அவள் மறுத்துச் சொல்லியிருந்தால் அவர் நம்பியிருப்பார். ஒப்புக்கொண்டதுதான் உதைத்தது. இதில் வேறு ஏதோ இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு மடத்திலேயே தங்கி வேலையில் இறங்கினார்.

*

மடத்தில் இன்னொரு ஆள் இருந்தான். மாயழகு என்று பேர். மங்கைத்தாயிடம் பாடம் கேட்க வந்து, தண்ணீர் இறைத்துக்கொண்டே தங்கிவிட்டவன். எந்நேரமும் வாயில் வெற்றிலை. காரணம் இல்லாமல் சிரிப்பான். வெள்ளைத்துரைக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. காரணம் இல்லாமல் ஒருவன் எப்படிச் சிரிப்பான்?

கிணற்றடியில் பழைய இரும்புக் குழாய் ஒன்று கிடந்தது. அவர் அதை எடுத்தார்.

“இரும்பா அண்ணே?” என்றான் மாயழகு.

“இரும்பை எவனும் அறுக்க முடியாது.”

“கோழிக்கட்டையை எவன் அறுக்கப் போறான்?”

“அறுக்க நினைக்கிறவன் சொல்லிட்டா வருவான்?”

குழாயைக் கூரையை ஒட்டி உயரத்தில் மாட்டினார். அங்கே எவன் கையும் எட்டாது.

சாயங்காலம் மாயழகு கோழிகளைப் பிடித்துப் பிடித்து மேலே விட்டான். அவை குழாயில் கால் பாவாமல் தடுமாறின. ஒன்று விழுந்தது. அதைப் பார்த்து இன்னொன்று குதித்தது. கொஞ்ச நேரத்தில் எல்லாம் வெளியேறிப் புளியமரத்தில் இருந்தன. மறுநாள் ஒரு சிவப்புக் கோழி நொண்டியது.

வெள்ளைத்துரை குழாயைக் கழற்றி முகர்ந்து பார்த்தார்.

“எவனோ எண்ணெய் தடவியிருக்கான்.”

“யாரண்ணே?”

“இங்க இருக்கிறது நீ, நான், அந்தம்மா. நான் தடவலை.”

“தடவுற அளவுக்கு எண்ணெய் இருந்தா இங்க அப்பளம் பொரிச்சிருப்போம்ல!”

மாயழகு சிரித்தான். பார்த்தாயா, சிரிக்கிறான் என்று வெள்ளைத்துரை மனதில் குறித்துக்கொண்டார்.

மங்கைத்தாய் வந்தாள். இரண்டு கற்களை நகர்த்தி அவற்றின் மேல் அந்தக் குழாயைக் குறுக்கே வைத்தாள்.

“செருப்பைக் கழட்டிட்டு ஏறி நில்லுங்க.”

“நானா?”

“கோழி ஏறி நின்னுச்சே.”

அவர் ஏறினார். விடியற்காலைக் குளிரில் சில்லிட்டிருந்த இரும்பு உள்ளங்காலைக் கடித்தது. அடுத்த நொடி குழாய் உருண்டது. அவர் மண்ணில் உட்கார்ந்திருந்தார்.

“எண்ணெய் இருக்கா, அண்ணே?” என்று கேட்டுவிட்டு அவள் போய்விட்டாள்.

*

அடுத்து அவர் கருவேலங்கிளைகளை வெட்டிவந்தார். பட்டையோடு இருந்தால் வழுக்காது. ஏணிப்படி மாதிரி ஒன்றுக்கு மேல் ஒன்றாகச் சாய்த்துக் கட்டினார்.

“எதுக்குப் படிப்படியா?” என்றான் மாயழகு.

“அப்பத்தான் எது எங்க இருக்குன்னு ஒரே பார்வையில தெரியும். எல்லாம் ஒண்ணா இருந்தா, ஒண்ணு பின்னால ஒண்ணு ஒளிஞ்சுக்கும்.”

“கோழி எதுக்கண்ணே ஒளியணும்?”

“நீ வளர்த்ததில்லை. உனக்குத் தெரியாது.”

அன்று சாயங்காலம் கூட்டுக்குள் பெரிய சண்டை. எல்லாக் கோழிக்கும் மேல் படிதான் வேண்டும். கழுத்தில் மயிர் இல்லாத ஒரு கிராப்புக்கோழி எல்லாவற்றையும் கொத்தித் தள்ளிவிட்டு உச்சியில் ஏறி உட்கார்ந்துகொண்டது. தள்ளப்பட்டவை அடுத்த படியில் இருந்தவற்றைத் தள்ளின. கடைசிப் படியில் ஒரு கிழட்டுக் கருப்புக் கோழி. மேலே இருந்தவை போட்ட எச்சம் எல்லாம் அதன் முதுகில்.

வெள்ளைத்துரை உள்ளே குனிந்து போனார். கருப்பியை எடுத்துத் துண்டால் துடைத்தார். மங்கைத்தாயைக் கூப்பிட்டு உச்சியைக் காட்டினார்.

“அந்த மொட்டைக்கழுத்தைப் பாருங்க தாயி! அப்படியே என் தம்பி புத்தி. இருக்கிறதுலயே நல்லது அவனுக்குத்தான் வேணும். மத்தவன் தலையில கழிவான். இதை முதல்ல விரட்டணும்.”

“மேல் படியை வெச்சது யாரு?”

“நான்தான் வெச்சேன். அதுக்கு?”

அவள் அவர் கையிலிருந்த கருப்பியின் கொண்டையை ஒரு தடவை தடவிவிட்டுப் போய்விட்டாள்.

அதுக்கு என்ன, அதுக்கு என்ன என்று அவர் இரண்டு நாள் மாயழகிடம் கேட்டுக்கொண்டிருந்தார். மாயழகு வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, “எனக்கு இன்னும் அந்தப் பாடம் வரலை அண்ணே” என்றான்.

மூன்றாம் நாள் இருவரும் சொறிந்துகொண்டிருந்தார்கள். பட்டை இடுக்கெல்லாம் செள்ளுப்பூச்சி அடைந்திருந்தது. கருவேலங்கிளைகளைத் தூக்கிக் கொளுத்தினார்கள்.

*

பிறகு அவர் கட்டைகளை ஒரே மட்டத்தில் போட்டார். யாரும் சொல்லாமல்தான் போட்டார். சுவரை விட்டு ஒரு முழம் தள்ளி, ஆள் இடுப்பளவு உயரத்தில். முதலில் அதைவிடத் தாழ்வாகத்தான் போட்டிருந்தார். கோழிகள் அதை விட்டுவிட்டு, இன்னும் உயரமாகத் தெரிந்த முட்டைக்கூடைகளில் ஏறிப் படுத்து அவற்றை நாசமாக்கின. கூடையைத் தரைக்கு இறக்கி, கட்டையை உயர்த்தினார்.

கட்டை மட்டும் ஒல்லியான மூங்கில். விரலைச் சுற்றிவளைத்துக் கெட்டியாகப் பிடிக்கலாம் என்பது அவர் கணக்கு.

சண்டை இல்லை. ஆனால் கோழிகள் உட்காரவும் இல்லை. நின்றன, ஆடின, இறக்கையை விரித்துச் சமாளித்தன. பார்த்துக்கொண்டிருந்தவருக்கே கால் வலித்தது.

“அண்ணே, கோழி தூங்கும்போது எதைப் பிடிச்சுக்குது?” என்று கேட்டாள் மங்கைத்தாய்.

“இது என்ன கேள்வி? கட்டையைப் பிடிச்சுக்குது. பிடியை விட்டா விழும்.”

“அப்போ முழிச்சுக்கிட்டுல்ல இருக்கணும்?”

வெள்ளைத்துரை விழித்தார்.

அவள் கருப்பியைத் தூக்கி அவர் கையில் கொடுத்தாள். அவருடைய ஒரு விரலை அதன் பாதத்துக்கு அடியில் வைத்து, கோழியை மெல்ல அழுத்தினாள். தொடை மடிந்தது. முட்டி மடிந்தது. கால் விரல்கள் தாமாகவே வளைந்து அவர் விரலைச் சுற்றிக்கொண்டன. கருப்பி அந்த நேரம் ஒரு கண்ணை மூடியிருந்தது.

“இது பிடிக்கலை, அண்ணே. உட்காருது.”

“பிடிக்குதே. எனக்குத் தெரியுதே.”

“அதுக்குத் தெரியாது.”

அவர் நெடுநேரம் கோழியைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். இதில் என்ன தந்திரம் என்று யோசித்தார். பிடிபடவில்லை.

மறுநாள் ஒரு வேப்பம்பலகையைத் தேடி எடுத்தார். நாலு விரல் அகலம். தட்டையான பக்கம் மேலே இருக்கட்டும் என்று முடிவு செய்தார். அதில் உட்கார்ந்தால் கோழியின் நெஞ்சு அதன் கால் விரல்களை மூடிக்கொள்ளும், குளிர் தெரியாது. ஓரத்தை உளியால் மழித்து, செங்கல்லால் தேய்த்து, கன்னத்தில் வைத்துப் பார்த்தார். சிராய் இல்லை. ஆடாமல் ஆணி அடித்தார்.

மாயழகு பலகையைத் தட்டிப் பார்த்தான். “எனக்கே ஏறிப் படுக்கணும் போல இருக்கு அண்ணே.”

“கிட்ட வராதே.”

மங்கைத்தாய் உள்ளே குனிந்து பார்த்தாள். தலையை ஆட்டினாள்.

“இனிமே பிடிச்சு விடாதீங்க. அதுங்களா வரட்டும்.”

*

அவை வரவில்லை.

சாயங்காலம் வெள்ளைத்துரை கூட்டு வாசலில் காத்து நிற்க, கோழிகள் கூட்டமாக முற்றம் வரைக்கும் வந்தன. கழுத்தை நீட்டிக் கூட்டைப் பார்த்தன. அப்படியே திரும்பிப் புளியமரத்துக்குப் போயின. மறுநாளும் அப்படியே.

வெள்ளைத்துரைக்கு இப்போது சந்தேகமே இல்லை. பலகையில் குறை கிடையாது. அதை அவர் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்தவர். ஆக, யாரோ இடையில் இருக்கிறான். கோழியை வரவிடாமல் ஏதோ செய்கிறான். கொம்பையா இவ்வளவு தூரம் ஆள் அனுப்பியிருப்பானா? அனுப்புவான். பங்காளி பகை தூரம் பார்ப்பதில்லை.

அவர் ஒரு பூவரசங்கம்பை வெட்டிக்கொண்டார். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டார். அந்தி சாயும் முன்பே போய்க் கூட்டு வாசலில் நின்றார். இந்தப் பக்கம் பார்த்தார். அந்தப் பக்கம் பார்த்தார். எவனும் வரவில்லை. கோழியும் வரவில்லை.

எவனும் வரவில்லை என்பது இன்னும் பெரிய சந்தேகம். நாம் நிற்பது தெரிந்துதான் வராமல் இருக்கிறான்.

அடுத்த நாள் இன்னும் சீக்கிரம் போய் நின்றார்.

அதற்கு மறுநாள் காலையில் புளியமரத்தடியில் கருப்பு இறகுகள் கிடந்தன. மரநாய் வந்துபோயிருந்தது.

வெள்ளைத்துரை ஒவ்வொரு இறகாகப் பொறுக்கினார். நேராகக் கிணற்றடிக்குப் போனார். மாயழகின் தோள்துண்டைப் பிடித்து முறுக்கினார்.

“சொல்லுடா! எவன் சொல்லி இதைச் செய்யிறே?”

“அண்ணே, விடுங்கண்ணே! நான் அந்தப் பக்கமே வரலை. நீங்கதானே கிட்ட வராதேன்னீங்க!”

“உனக்கும் கொம்பையாவுக்கும் என்னடா பழக்கம்?”

“அவரு யாருன்னே தெரியாது. நீங்க திட்டுறதைக் கேட்டுக் கேட்டுத்தான் பேரே தெரியும்!”

சத்தம் கேட்டு மங்கைத்தாய் வந்தாள்.

“தாயி, இன்னைக்கு எனக்கு ஒண்ணு தெரிஞ்சாகணும்,” என்றார் வெள்ளைத்துரை. “என் கோழியை வரவிடாம எவனோ பண்றான். அவன் கிடைக்கிற வரைக்கும் நான் கண்ணை மூட மாட்டேன். செத்தாலும் சரி.”

அவர் ‘என் கோழி’ என்று சொன்னதை அவள் திருத்தவில்லை. துண்டை விட்டுவிடச் சொல்லிக் கையைக் காட்டினாள். அவர் விட்டார்.

“சாயங்காலம் பார்ப்போம்.”

*

அன்று மேற்கே மேகம் கறுத்துக் கிடந்தது. காற்று ஈரமாக வந்தது. அவர் கம்பும் துண்டுமாகக் கிளம்பும்போது அவள் எதிரே வந்து கையை நீட்டினாள்.

“குடுங்க. இன்னைக்கு நான் காவல் நிக்கிறேன்.”

“உங்களுக்குத் தெரியாது, தாயி. ஆளைப் பார்த்தாலே—”

“குடுங்க.”

கம்பைக் கொடுத்தார். துண்டையும் வாங்கித் தன் தலையில் கட்டிக்கொண்டாள்.

“நான் எங்க நிக்க?”

“நீங்க அங்க போங்க. கோழிங்க வந்து நிக்குமே, அந்த இடத்துல. தரையில உட்காருங்க. யாரு வர்றான்னு அங்கிருந்து பாருங்க.”

அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. பதுங்கிப் பார்த்தால் ஆள் சிக்குவான். முற்றத்து ஓரத்தில் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். உட்கார்ந்தபோது முட்டி நறநறத்தது. மாயழகு கொஞ்சம் தள்ளிக் குந்தினான். அவனையும் ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டார்.

கோழிகள் வந்தன. அவர் முழங்காலை உரசிக்கொண்டு நின்றன. நொண்டிச் சிவப்பி முன்னால் இருந்தது.

சிவப்பி கழுத்தை நீட்டியது. அவரும் நீட்டினார்.

தரையிலிருந்து பார்க்கக் கூடு பெரிதாகத் தெரிந்தது. வாசலை அடைத்துக்கொண்டு ஓர் உருவம். தலையில் கட்டு. கையில் கம்பு. அது இந்தப் பக்கம் பார்த்தது. அந்தப் பக்கம் பார்த்தது. கம்பைத் தரையில் ஒரு தட்டுத் தட்டியது. உள்ளே பலகை இருப்பது இங்கிருந்து தெரியவே இல்லை.

சிவப்பி ஓர் அடி வைத்தது. உருவம் திரும்பியது. சிவப்பி காலைப் பின்வாங்கிக்கொண்டது. தலையைத் திருப்பிப் புளியமரத்தைப் பார்த்தது.

முதல் மழைத்துளி அதன் முதுகில் விழுந்தது.

மற்றக் கோழிகளும் மரத்துப் பக்கம் திரும்பின.

வெள்ளைத்துரைக்குப் பொறுக்கவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே கத்தினார்.

“ஏய், வாசலை விட்டு நகரு! நீ நின்னா அது எப்படி உள்ள வரும்?”

மங்கைத்தாய் நகரவில்லை. துண்டுக்கடியிலிருந்து அவரைப் பார்த்தாள்.

“யாரைச் சொல்றீங்க, அண்ணே?”

அவர் தன் வெறுந்தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

மாயழகு சிரிக்கவில்லை.

மங்கைத்தாய் கம்பைத் தூர எறிந்தாள். தலைக்கட்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தாள். மாயழகும் எழுந்து அவள் பின்னால் போனான். கூட்டு வாசல் வெறுமையாகக் கிடந்தது.

சிவப்பி நொண்டிக்கொண்டே போனது. வாசலில் நின்று உள்ளே பார்த்தது. குனிந்து நுழைந்தது. அதன் பின்னால் மொட்டைக்கழுத்து. பிறகு மற்றவை, ஒன்றன்பின் ஒன்றாக. உள்ளே இறக்கை அடிக்கும் சத்தம் கேட்டது. பலகையில் நகம் கீறும் சத்தம். நகர்ந்து இடம் கொடுக்கும் சின்னச் சின்ன முனகல். அப்புறம் ஒன்றும் இல்லை.

தூறல்தான். அவர் எழுந்திருக்கவில்லை. பின்னால் இருந்த வீட்டுச் சுவரில் முதுகைச் சாய்த்தார். தாழ்வாரத்து ஓடு அவர் தலைக்கு மேல் நீண்டிருந்தது.

வீட்டுக்குள் மங்கைத்தாயும் மாயழகும் மெதுவான குரலில் ஏதோ பேசிக்கொண்டார்கள். நடுவில் தன் பேர் அடிபட்ட மாதிரி இருந்தது.

என்ன பேசுகிறார்கள் என்று கேட்டுவிட வேண்டும் என்று நினைத்தார் வெள்ளைத்துரை.

அதற்குள் தூங்கிப்போனார்.